ஆமையைக் கட்டிக்கொண்டு பனியில் சறுக்குகிறார்கள், தெரியுமா?

சீனாவின் பனிச்சறுக்குத் திடல்களில் முதன்முறை கால் வைப்பவர்கள் கண்ணைக் கசக்கிக்கொண்டு பார்ப்பார்கள். அலுவலகம் போகிற, பிள்ளை குட்டி பெற்ற வளர்ந்த ஆட்கள், பின்புறத்தில் ஆளுக்கொரு பச்சை ஆமையைக் கட்டிக்கொண்டு சரிவில் இறங்கிக்கொண்டிருப்பார்கள்! நிஜ ஆமை இல்லை, பஞ்சடைத்த பொம்மை ஆமை. அகலமான ஓடு, உருட்டி விழிக்கும் கண்கள், நான்கு குட்டைக் கால்கள். முழங்கால்களுக்கென்று இரண்டு குட்டி ஆமைகள் தனி. தடுமாறினால் பொத்தென்று ஆமை மேல் உட்கார வேண்டியது, எழுந்து மறுபடி சறுக்க வேண்டியது. கேலி செய்ய அங்கே யாரும் இல்லை. பக்கத்தில் நிற்பவரின் பின்னாலும் ஓர் ஆமை தொங்கிக்கொண்டுதான் இருக்கும்!

இந்த ஆமைக்கு வெளியே தலைகாட்டாத அண்ணன் ஒருவர் இருக்கிறார். பேன்ட்டுக்குள் ஒளிந்து வேலை செய்பவர். பேடு வைத்துத் தைத்த அரைக்கால் சட்டைதான் அது. இம்பாக்ட் ஷார்ட்ஸ், கிராஷ் ஷார்ட்ஸ் என்று கேட்டால் கடையில் எடுத்துக் கொடுப்பார்கள். பார்க்க ஏதோ தடித்த உள்ளாடை மாதிரி இருக்கும் இந்தத் துணிக்குள் எலும்பு மருத்துவமும் வேதியியலும் சுரங்கத் தொழிலாளர் வரலாறும் ஒன்றாகச் சுருண்டு கிடக்கின்றன!

முதலில் ஒரு கேள்வி. ஸ்னோபோர்டு பழகுபவர்கள் ஏன் இப்படி உட்கார்ந்து உட்கார்ந்து விழுகிறார்கள்?

நாம் நடக்கும்போது தடுமாறினால் என்ன செய்வோம்? சட்டென்று ஒரு காலை எடுத்து முன்னேயோ பின்னேயோ வைத்து உடம்பைப் பிடித்துக்கொள்வோம். ஸ்னோபோர்டில் அந்த வழியே கிடையாது. இரண்டு கால்களும் ஒரே பலகையில் வாரால் இறுக்கிக் கட்டப்பட்டிருக்கும். ஸ்கீ சறுக்குபவர் விழுந்தால் அவருடைய பூட்ஸைப் பிடித்திருக்கும் பைண்டிங், விசை மிஞ்சியதும் தானாக விடுபட்டுவிடும். ஸ்னோபோர்டு பைண்டிங் அப்படி விடாது. ஊன்றிக்கொள்ளக் கையில் கோலும் இல்லை. எனவே தடுமாறினால் போக்கிடம் இரண்டுதான். முன்பக்கம் என்றால் முழங்காலும் கைகளும், பின்பக்கம் என்றால் புட்டமும், அதைத் தொடர்ந்து தலையும்.

ஆரம்பத்தில் காலைக் கட்டும் இந்த வழக்கம் இல்லை. 1965 கிறிஸ்துமஸ் அன்று அமெரிக்காவின் மிச்சிகனில் ஷெர்மன் பாப்பன் என்பவர் தன் மகள்களுக்காக இரண்டு ஸ்கீ பலகைகளைச் சேர்த்துப் பூட்டி ஒரு விளையாட்டுச் சாமான் செய்தார். இன்றைய ஸ்னோபோர்டின் முன்னோடிகளில் ஒன்று அது. காலுக்குக் கட்டு எதுவும் இல்லை! அடுத்து வந்த மாதிரிகளில் மூக்கில் ஒரு கயிறு, அதைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும், அவ்வளவுதான். சமநிலை தவறினால் பலகை ஒரு பக்கம், ஆள் ஒரு பக்கம். 1977-இல் வெர்மான்ட்டில் ஜேக் பர்ட்டன் தொடங்கிய நிறுவனமும் அந்தக் காலத்தின் மற்ற ஆர்வலர்களும் காலைப் பலகையோடு கட்டும் வழியைக் கொண்டுவந்தார்கள். பலகை சொன்னபடி கேட்கத் தொடங்கியது. ஆனால் விழும்போது அதிலிருந்து தப்பி ஓடும் வழி அடைபட்டுப் போனது. 1998-இல் ஜப்பானின் நகானோ ஒலிம்பிக்ஸில் ஸ்னோபோர்டு அரங்கேறியபோது, கால் கட்டாத அந்த ஆதிகாலம் எங்கேயோ பின்னால் போயிருந்தது.

விழுவதிலேயே மிக மோசமான வகை எது தெரியுமா? வேகமாகப் போய் மரத்தில் மோதுவதை விட்டுவிடுங்கள். புதியவர்களை வாட்டுவது, நின்ற இடத்திலிருந்து யாரோ காலை வாரிவிட்டது போல நேரும் விழல். பலகையைச் சுற்றிலும் எஃகு விளிம்பு ஓடுகிறது. மலை உச்சியைப் பார்த்தபடி, கால்விரல் பக்க விளிம்பை ஊன்றி மெல்லக் கீழே வழுக்கிக்கொண்டிருக்கிறீர்கள் என்று வையுங்கள். குதிகால் பக்க விளிம்பு பள்ளத்தை நோக்கி இருக்கிறது. ஒரு நொடி கவனம் சிதறி, பலகை கொஞ்சம் தட்டையானால் போதும். அந்தக் கீழ்ப்பக்க விளிம்பு பனிக்குள் கொக்கி போட்டுவிடும். பலகை சடாரென்று நின்றுவிடும். உடம்பு நிற்காது! கதவு கீலில் சுழல்வது போல ஆள் அப்படியே மல்லாந்து பின்பக்கம் சாய்வார். ஜப்பான் மருத்துவர்கள் இந்த எதிர்விளிம்பு விழலைத் தனியாகவே ஆராய்ந்தார்கள். மூளையைச் சுற்றி இரத்தம் கசியும் அளவுக்குப் பின்மண்டையில் அடி விழ, பெரிய மலையும் பெரிய வேகமும் தேவையில்லை, பழகுநர் சரிவே போதும் என்பதுதான் அவர்களை உலுக்கிய விஷயம்.

இன்னொரு அதிசயத்தையும் கேளுங்கள். செங்குத்தான சரிவைவிட மெல்லிய சரிவுதான் எலும்புக்கு அதிகம் வலிக்கும்! ஸ்கீ ஜம்ப் வீரர்கள் 100 மீட்டருக்கு மேல் காற்றில் பறந்து வந்தும் முழு உடம்போடு தரையிறங்குகிறார்களே, எப்படி? இறங்கும் இடம் சாய்வாக இருப்பதால், விழும் வேகத்தின் பெரும்பகுதி சறுக்கலாக மாறிவிடுகிறது. தட்டைத் தரையில் அந்தச் சலுகை கிடையாது. விழுந்த வேகம் முழுவதும் நேராக எலும்புக்குள் போகிறது. ‘குழந்தைகள் பழகும் சரிவுதானே’ என்று அலட்சியமாகப் பேடு இல்லாமல் போகிறவர்கள் வாங்கிக் கட்டிக்கொள்வது இதனால்தான்.

பனி என்றால் மெத்து மெத்தென்று இருக்குமே என்பீர்கள். புதிதாகப் பெய்த பனியில் 90 சதவீதத்துக்கு மேல் வெறும் காற்று என்பது தெரியுமா? ஒரு கன மீட்டர் புதுப் பனி 50 முதல் 100 கிலோ வரைதான் இருக்கும். அதில் விழுந்தால் சுகம்தான். ஆனால் திடலில் இயந்திரம் ஓட்டி அழுத்திய பனி அதைப் போலப் பல மடங்கு அடர்த்தி. பகலில் கொஞ்சம் உருகி, இரவில் உறைந்து, காலையில் காத்திருக்கும் பனியோ கிட்டத்தட்ட சிமென்ட் தரை. பழகுநர்கள் வகுப்புக்கு வந்து நிற்பதும் பெரும்பாலும் காலையில்தான்!

இனி எலும்புக்கு வருவோம். முதுகுத்தண்டின் கடைக்கோடியில் மூன்று முதல் ஐந்து குட்டி எலும்புகள் ஒன்றோடொன்று ஒட்டிய முக்கோணம் ஒன்று இருக்கிறது. அதுதான் வாலெலும்பு. தாயின் வயிற்றில் நான்கைந்து வாரக் கருவாக இருந்தபோது நம் ஒவ்வொருவருக்கும் நிஜமாகவே ஒரு வால் இருந்தது! எட்டு வாரத்துக்குள் அது கரைந்து போய்விடும். வாலின் நினைவாக மிஞ்சியதுதான் இந்த எலும்பு. மிச்சம் மீதி என்று தள்ளிவிடாதீர்கள். இடுப்புக்கூட்டின் அடித்தளத்தைத் தாங்கிப் பிடிக்கும் தசைகள் இதில்தான் வந்து பற்றிக்கொள்கின்றன. சாய்ந்து உட்காரும்போது நம் எடையில் ஒரு பங்கை இது சுமக்கிறது.

இது உடைந்தால் மாவுக்கட்டு போட முடியாது, தெரியுமா? கைக்கும் காலுக்கும் கட்டுப் போடலாம், இதற்கு எதைச் சுற்றிக் கட்டுவது? வலி மாத்திரை, ஓய்வு, பின்பக்கம் வெட்டு விட்ட தலையணை, பொறுமை. பெரும்பாலும் இவ்வளவுதான் வைத்தியம். ஆற வாரக்கணக்காகும், சிலருக்கு மாதக்கணக்கும் ஆகும். அதுவரை நாற்காலியைப் பார்த்தாலே பயம் வரும். காரில் உட்கார முடியாது, வகுப்பில் உட்கார முடியாது, கழிப்பறையில்கூட நிம்மதியாக உட்கார முடியாது. வாலெலும்பு வலி ஆண்களைவிடப் பெண்களுக்குச் சுமார் ஐந்து மடங்கு அதிகம் வருகிறது. பெண்களின் இடுப்புக்கூடு அமைந்திருக்கும் விதத்தில் இந்த எலும்பு அடிக்கு எளிதில் அகப்படுகிறது. ஆகவே சகோதரிகளே, இந்தச் சட்டை முதலில் உங்களுக்குத்தான்!

இரண்டு மூன்று சென்டிமீட்டர் ஃபோம் என்ன பெரிதாகச் செய்துவிடப் போகிறது என்று கேட்பவர்களுக்கு ஒரு சின்னக் கணக்கு. முழங்காலை மடித்து நிற்பவரின் இடுப்பு தரையிலிருந்து சுமார் 70 சென்டிமீட்டர் உயரத்தில் இருக்கும். அங்கிருந்து விழுந்து தரையைத் தொட ஆகும் நேரம் 0.4 நொடிகூட இல்லை. கண் பார்த்து, மூளை புரிந்துகொண்டு, உடம்பு அசையவே கால் நொடி போய்விடும். ‘ஐயோ’ என்று நினைத்து முடிப்பதற்குள் உட்கார்ந்திருப்பீர்கள்! தொடும்போது வேகம் மணிக்கு 13 கிலோமீட்டர். இந்த வேகம் எவ்வளவு தூரத்துக்குள் அடங்குகிறது என்பதில்தான் சூட்சுமம். விழுந்த உயரத்தை, நிற்க எடுத்த தூரத்தால் வகுத்துப் பாருங்கள். 1 சென்டிமீட்டருக்குள் நின்றால் உடம்பு உணர்வது புவியீர்ப்பைப் போல 70 மடங்கு. ஃபோம் அமுங்கி அதை 3 சென்டிமீட்டர் ஆக்கினால் 23 மடங்கு. அதிகம் கிடைத்தது இரண்டே சென்டிமீட்டர், அடியோ மூன்றில் ஒன்றாகிவிட்டது! நம் சதையும் தன் பங்குக்குக் கொஞ்சம் அமுங்கிக் கொடுக்கும் என்பதால் நிஜத்தில் எண்கள் மாறும். ஆனால் வாலெலும்பின் மேல் அந்தச் சதைதான் அதிகம் இல்லையே.

ஒரு சட்டையைக் கையில் எடுத்து விரித்துப் பாருங்கள். வியர்வை வெளியேறும் வலைத்துணி, உடம்போடு ஒட்டும் இழுவை. பின்னால் நடுவே, பட்டாம்பூச்சி இறக்கை விரித்தது போன்ற தடித்த பேடு. விரலால் தடவினால் பல மாடல்களில் நட்டநடுவே ஒரு பள்ளம் ஓடுவது தெரியும். அந்தப் பள்ளம் வாலெலும்புக்கு நேராக வர வேண்டும். அடி எலும்பின் முனையில் இறங்காமல், இருபக்கத்துச் சதைக்குப் பிரிந்து போவதற்காகத்தான் அந்த ஏற்பாடு. இடுப்பின் இரு பக்கங்களிலும் முட்டை வடிவத்தில் இரண்டு பேடுகள். உங்கள் இடுப்புக்குப் பக்கவாட்டில் கையை வைத்து அழுத்திப் பாருங்கள், தொடையெலும்பின் மேல்முனை முண்டு போலத் தட்டுப்படும். பக்கவாட்டில் விழுந்தால் முதலில் தரையைச் சந்திப்பது அந்த முண்டுதான். அதற்குத்தான் இந்த முட்டைகள். சில சட்டைகளில் தொடையின் முன்புறத்திலும் மெல்லிய பேடு இருக்கும். துளை துளையாகக் குத்தியிருப்பது காற்றோட்டத்துக்கும் வளைவதற்கும்.

உள்ளே இருக்கும் சரக்கு பெரும்பாலும் ஈ.வி.ஏ. ஃபோம். நம் வீட்டுச் செருப்புகளின் அடிப்பாகத்தில் இருக்கும் அதே பொருள்! கோடிக்கணக்கான மூடிய காற்றுக் குமிழிகள். அடி விழும்போது அவை நசுங்கி, பிறகு மெல்ல உப்பிக்கொள்ளும்.

ஆனால் இதைவிட மாயமான ஒரு பொருள் இருக்கிறது. இங்கிலாந்தின் ரிச்சர்ட் பால்மர் பனிச்சறுக்கில் பித்துக்கொண்டவர். விழும்போது மட்டும் கெட்டியாகி, மற்ற நேரத்தில் உடம்போடு குழைந்து வரும் பேடு வேண்டும் என்று அவர் தேடிய தேடலில் 1999-இல் பிறந்தது டி3ஓ. ஆரஞ்சு நிறம். விரலால் மெல்ல அழுத்தினால் பிசின் மாதிரி குழையும், சுத்தியலால் ஓங்கி அடித்தால் அந்தக் கணமே இறுகும்! சோளமாவில் கொஞ்சமாகத் தண்ணீர் விட்டுக் கெட்டியாகக் குழைத்து உங்கள் வீட்டிலேயே பாருங்கள். விரலை மெல்ல விட்டால் உள்ளே போகும், குத்தினால் சுவர் போல நிற்கும். டி3ஓவின் தொடக்கக் கலவையில் இருந்த சிலிகோன் பொருள், போரிக் அமிலமும் சிலிகோன் எண்ணெயும் சேர்ந்து 1940-களில் பிறந்த சில்லி புட்டி என்ற விளையாட்டுப் பசையின் சொந்தக்காரன் என்றால் நம்புவீர்களா? அதை ஃபோமுக்குள் ஏற்றியதுதான் சாமர்த்தியம். 2006 டுரின் குளிர்கால ஒலிம்பிக்ஸில் அமெரிக்க, கனடிய ஸ்கீ வீரர்களின் பந்தய உடையிலேயே இது இடம்பிடித்துவிட்டது.

இதற்கெல்லாம் தரச் சோதனை உண்டா? உண்டு, ஆனால் அது வந்த இடம் வேறு. பல சட்டைகளின் லேபிளில் ஈ.என். 1621-1 என்று இருக்கும். அது மோட்டார் சைக்கிள் ஓட்டிகளுக்கான ஐரோப்பியத் தரம்! எஃகு மேடை மேல் பேடை வைத்து, 5 கிலோ எடையை 50 ஜூல் ஆற்றலோடு அதன்மேல் விழவிடுவார்கள். கிட்டத்தட்ட 1 மீட்டர் உயரத்திலிருந்து அந்த எடை விழுவதற்குச் சமம். பேடைத் தாண்டி மேடைக்குப் போகும் விசையின் சராசரி 35 கிலோநியூட்டனுக்குள் நின்றால் முதல் நிலை, 20-க்குள் நின்றால் இரண்டாம் நிலை. மேடை துளியும் அமுங்காத எஃகு என்பதால்தான் எண்கள் இவ்வளவு பெரிதாகத் தெரிகின்றன. வாங்கும்போது லேபிளில் ‘நிலை 2’ தென்பட்டால் அதையே எடுங்கள்.

பின்புறத்துக்குக் காப்புக் கட்டுவது நேற்று வந்த யோசனை என்று நினைத்துவிடாதீர்கள். ஜெர்மனி, ஆஸ்திரியா பக்கத்துச் சுரங்கத் தொழிலாளர்கள் பல நூற்றாண்டுகளாக இடுப்பிலிருந்து பின்பக்கம் தொங்கும் தோல் ஒன்றைக் கட்டிக்கொண்டுதான் பூமிக்குள் இறங்கினார்கள்! சரிவான பாதையில் உட்கார்ந்து வழுக்கி இறங்கவும், ஈரப் பாறையில் உட்காரவும் அந்தத் தோல். அது அவர்களுடைய தொழிலின் மானச் சின்னமாகவே ஆகிவிட்டது. ஆஸ்திரியாவின் லியோபன் சுரங்கப் பல்கலைக்கழகத்தில் புதிய மாணவர்கள் இன்றும் அந்தத் தோலைத் தாண்டிக் குதித்துத்தான் சுரங்கத் துறைக்குள் அடியெடுத்து வைக்கிறார்கள். புட்டத்தைக் காத்த ஒரு தோலுக்கு இப்படி ஒரு மரியாதை! எனக்கு இந்தச் செய்தி அத்தனை பிடித்திருக்கிறது.

சைக்கிள் ஓட்டிகள் போடும் பேடு வைத்த ஷார்ட்ஸ் இருக்கிறதே, அதையே பனிக்கும் போடலாமா? கூடாது. அது மணிக்கணக்கில் இருக்கையில் உரசும் தோலைக் காக்கத் தைத்தது. ஓங்கி விழும் அடி அதன் கணக்கிலேயே இல்லை, இடுப்பு முண்டுக்கு அதில் பேடும் கிடையாது. ஐஸ் ஹாக்கி ஆட்டக்காரர்களின் பேன்ட், பனிநடனம் பயில்பவர்கள் பயிற்சியில் உள்ளே செருகும் பேடுகள், சினிமா சண்டைக் கலைஞர்கள் உடைக்குள் கட்டும் பேடுகள், இவையே ஸ்னோபோர்டு சட்டையின் நெருங்கிய உறவுகள்.

இன்னோர் உறவு நம் வீட்டுப் பாட்டிகளைத் தொடுகிறது. வயதானவர்கள் வழுக்கி விழுந்தால் முறிவது பெரும்பாலும் அதே தொடையெலும்பின் மேல்முனைதானே? பின்லாந்தில் 1,801 முதியவர்களை வைத்து ஓர் ஆய்வு நடந்தது. இடுப்புக்கு இருபுறமும் பேடு வைத்த உள்ளாடை ஒரு பகுதியினருக்குத் தரப்பட்டது. 2000-இல் வெளியான முடிவு மருத்துவ உலகைத் திரும்பிப் பார்க்க வைத்தது. பேடு தரப்பட்டவர்களில் இடுப்பு முறிந்தது 13 பேருக்கு. அந்த 13 பேரில் 9 பேர் விழுந்தபோது அதைப் போட்டிருக்கவில்லை! பின்னால் வந்த ஆய்வுகள் எல்லாவற்றிலும் இவ்வளவு பெரிய பலன் தெரியவில்லை. பலர் போடுவதைப் பாதியிலேயே விட்டுவிடுவது அதற்கு ஒரு முக்கியக் காரணம். இப்போது பிரான்சில், விழத் தொடங்கும்போதே உணர்ந்து இடுப்பைச் சுற்றிக் காற்றுப்பையை ஊதிவிடும் பெல்ட்கூட வந்துவிட்டது.

பேடு எல்லாவற்றையும் காக்கும் என்று மட்டும் எண்ணிவிடாதீர்கள். ஸ்னோபோர்டில் அதிகம் அடிபடுவது மணிக்கட்டு, உயிருக்கு உலை வைப்பது தலையில் படும் அடி. ஹெல்மெட்டுக்கும் மணிக்கட்டுக் காப்புக்கும் ஆய்வுகள் தரும் ஆதரவு மிக வலுவானது. மணிக்கட்டுக் காப்புக்கென்றே 2020-இல் ஐ.எஸ்.ஓ. தனித் தரம் வகுத்துவிட்டது. ஆகவே என் வரிசை இதுதான்: முதலில் ஹெல்மெட், அடுத்தது மணிக்கட்டு, மூன்றாவது இந்தச் சட்டை. மூன்றையும் சேர்த்துப் போட்டுக்கொண்டு, விழவும் பழகுங்கள். பின்னால் சாயும்போது குந்தி உட்கார்ந்து, முகவாயை நெஞ்சோடு ஒட்டி, கைகளை மார்பில் மடக்கி, புட்டத்திலிருந்து முதுகுக்கு உருண்டுவிட வேண்டும். கையைப் பின்னால் ஊன்றவே கூடாது!

அணிவதிலும் சில சங்கதிகள் உண்டு. தெர்மல் உள்ளாடைக்கு மேலே, பனி பேன்ட்டுக்கு உள்ளே போட வேண்டும். தளர்வாக வாங்கினால் விழும் நேரத்தில் பேடு நகர்ந்து, எலும்பு வெளியே நிற்கும். பிடிப்பாக வாங்கி, மேலே போடும் பேன்ட்டைத் தாராளமாக எடுங்கள். குளிரில் ஃபோம் விறைக்கும் என்பதால் இரவில் காரிலேயே போட்டு வைக்காதீர்கள். துவைக்கும்போது பேடுகளைக் கழற்ற முடிந்தால் கழற்றிவிடுங்கள். ஸ்னோபோர்டுக்காரர்கள் காலைக் கட்டவும் அவிழ்க்கவும் நாள் முழுக்கப் பனியிலேயே உட்காருவதால், குளிர் ஏறாமல் தடுக்கும் மெத்தையாகவும் இது உதவும். ஜப்பானில் பல இடங்களில் ஹெல்மெட்டோடு இதையும் வாடகைக்கே தருகிறார்கள்.

சுவிட்சர்லாந்திலும் நார்வேயிலும் கனடாவிலும் வளரும் நம் பிள்ளைகள் பள்ளியோடு பனிமலைக்குப் போகிறார்கள். சுவிஸ் பள்ளிகளில் பனிச்சறுக்கு முகாம் என்பது ஒரு வாரத் திருவிழா. பனியே காணாத ஊரில் பிறந்த அப்பா அம்மாவுக்கு எதை வாங்கிக் கொடுப்பது என்று திகைப்பாக இருக்கும். குல்மார்க், ஔலி என்று பனிமலைகளுக்குக் கிளம்பும் நம்மூர் இளைஞர்களுக்கும் அதே திகைப்புதான். கையுறை, கண்ணாடி, ஹெல்மெட் என்று பட்டியல் எழுதும்போது இந்தச் சட்டையையும் சேர்த்து எழுதுங்கள். நன்றாகப் பழகிய பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப் போடாதீர்கள். அதிகம் விழுவது முதல் நாளில்தான், முதல் நாளே போட்டு அனுப்புங்கள்.